பத்தொன்பது இன்ச்

அவளுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்தது நான்தான். திட்டுவதென்றால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த அன்று, சாமானை இறக்கிப் போட்ட கையோடு என் தையல்கடை வாசலுக்கு வந்து, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, "குடிக்கத் தண்ணி கிடைக்குமாக்கா?" என்று கேட்டாள். ஆறடிக்கு அரை இன்ச் குறைவு. நான் அளவெடுத்தே பிழைக்கிறவள். டேப் வைக்காமலே சொல்லிவிடுவேன். பெயர் தெருவெல்லாம் ஒட்டிக்கொண்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "பார்க்கிற வேலையும் அதுதானேக்கா, பொருத்தமாத்தான் வச்சிருக்கீங்க" என்றாள். மகளும் அம்மா வாகிலேயே வளர்ந்ததால் சின்னக்குச்சி ஆனாள்.

தெருக்கோடியில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருடம் கூட்டித் துடைத்தாள் ஒட்டடைக்குச்சி. மூன்று மாடி, இருபத்திரண்டு வகுப்பறை, ஆறு கழிப்பறை. மகள் படிப்பதும் அங்கேதான். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது என் கடையில் கால்மணி நேரம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். தையல் மிஷினுக்கு எதிரே கிடக்கிற பிளாஸ்டிக் நாற்காலி அவளுடையது என்றே ஆகிவிட்டது. அந்த நேரத்தில் வேறு யாராவது அதில் இருந்தால் நானே எழுப்பிவிடுவேன்.

அந்த நாற்காலியில் அவள் நான்கு மாதம் உட்காரவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பள்ளியின் தலைமையாசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஸ்டாம்பு. குட்டையாக, சதுரமாக, பட்டென்று வந்து விழுவார். நாலடி ஏழு இன்ச். குதிகால் உயர்ந்த செருப்பு அதில் சேராது. சாமர்த்தியசாலி, அதையும் சொல்லியாக வேண்டும். மூன்று அறையாக இருந்த பள்ளியை மூன்று மாடியாக்கியவர். நான் தைக்கும் சீருடையில் மடிப்பு ஒரு நூல் பிசகினாலும் மொத்தத்தையும் திருப்பி அனுப்புவார். பிசகியிருக்கும், பொய் சொல்ல மாட்டேன்.

அன்றைக்கு ஒட்டடைக்குச்சிக்கு முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. மோட்டார் ரிப்பேர். மூன்று மாடிக்கும் வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கியிருக்கிறாள். கடைசியாக ஸ்டாம்பின் அறையைத் துடைத்தாள். ஹெச்செம் அம்மா வெளியே போயிருக்கிறார், வர நேரமாகும் என்று சொன்னார்கள். மேஜைக்குப் பின்னாலிருந்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "ரெண்டு நிமிஷம்தான்க்கா. எதிர்ல இருந்த கடிகாரத்தைப் பார்த்துட்டேதான் உட்கார்ந்தேன்." கதவு திறந்தது. ஸ்டாம்பு, பின்னால் பிள்ளையைச் சேர்க்க வந்த இரண்டு பேர்.

திட்டியிருந்தால் திட்டோடு போயிருக்கும். நாற்காலியை மைதானத்துக்குத் தூக்கிவரச் சொன்னார். சாப்பாட்டு மணி அடித்து, பிள்ளைகளெல்லாம் டப்பாவைத் திறந்து வைத்திருந்த நேரம். "சோப்புப் போட்டுக் கழுவு. நீ உட்கார்ந்த இடத்துல நான் எப்படி உட்கார்றது?" என்றார். கழுவினாள். அவளுக்கு அரைகுறையாக வேலை செய்யத் தெரியாது. அடியிலிருந்த ஐந்து சக்கரத்தையும் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். பத்தடி தள்ளி, தோழிகளோடு, கையில் பாதி கடித்த ரொட்டியோடு சின்னக்குச்சி உட்கார்ந்திருந்தாள். கழுவி முடித்துத் துடைத்து நிமிர்ந்ததும், "நாளையிலேருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார் ஸ்டாம்பு.

அடுத்த வாரமே பஸ் கழுவுகிற வேலை கிடைத்தது. நாள் முழுக்க ஈரத்தில் நிற்க வேண்டும். சாயங்காலம் வழக்கம்போல என் கடைக்கு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"இருக்கட்டும்க்கா, நிக்கிறேன்."

"காலையிலேருந்து நின்னுட்டுத்தானே வர்றே? உட்காரேன்."

"உட்கார்ந்தா யாராவது வந்துடுவாங்களோன்னு இருக்குதுக்கா."

"இது என் கடைடி. இங்க யார் வருவா?"

"தெரியுது. உடம்புக்குத் தெரியல."

நின்றபடியே டீயைக் குடித்துவிட்டுப் போனாள். வீட்டிலும் அப்படித்தான் என்று மகள் சொன்னாள். சாப்பாடுகூடச் சமையல் மேடையில் சாய்ந்து நின்றுகொண்டுதானாம். படுப்பது ஒன்றுதான் பாக்கி. ஒரு மனுஷியின் வேலையைப் பிடுங்கலாம்; உட்கார்கிற தைரியத்தைப் பிடுங்குவதற்கு எவ்வளவு கல்நெஞ்சு வேண்டும்.

இந்த நேரத்தில்தான் மண் பெஞ்சு வந்தது. பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு செய்முறைத் திட்டம். சயின்ஸ் சார் என்று ஒருவர், நல்ல மனிதர், ஆர்வக்கோளாறு. சிமெண்டும் இரும்பும் இல்லாமல் மண், மணல், வைக்கோல் வைத்து மரத்தடியில் எல்லோரும் உட்கார ஒரு பெஞ்சு கட்டலாம், பிள்ளைகளே திட்டம் போட்டு, பிள்ளைகளே கட்ட வேண்டும் என்றார். ஸ்டாம்புக்கும் பிடித்துப்போயிற்று. திறப்பு விழாவுக்குக் கல்வி அதிகாரியைக் கூப்பிடலாம், பத்திரிகையில் படம் வரும்.

எங்கள் வீட்டுக்கும் ஒட்டடைக்குச்சி வீட்டுக்கும் நடுச்சுவர் மெலிசு. இந்தப் பக்கம் ஊசி விழுந்தால் அந்தப் பக்கம் யாருடையது என்று கேட்பார்கள். அதனால் அன்று சாயங்காலம் அங்கே நடந்த பேச்சு முழுக்க எனக்கு வந்து சேர்ந்தது.

"திறப்பு விழால முதல்ல யார் உட்காருவாங்க?" இது ஒட்டடைக்குச்சி.

"ஹெச்செம்தான்மா. வேற யாரு?"

பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு அவள் குரல் மெதுவாக வந்தது. "அவ மேஜைக்குக் கீழ ஒரு பலகை கிடக்கும். சிவப்புத் துணி ஒட்டினது. அது மேலதான் காலை வச்சுக்குவா. பதினோரு வருஷமா நான்தான் அதைத் தூசி தட்டி வச்சேன். விழா மேடையில மேஜைத்துணி தரை வரைக்கும் தொங்கணும்னு அடம் பிடிப்பாளே, அழகுக்குன்னா நினைச்சே? கால் தொங்குறது தெரியக்கூடாதுன்னு."

"நிஜமாவாம்மா?"

"எனக்குத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. அன்னைக்கு அந்த நாற்காலியில உட்கார்ந்தப்ப என் கால் அந்தப் பலகையில இடிச்சுது. ஓரமாத் தள்ளி வச்சேன். அவ உள்ள வந்ததும் முதல்ல என்னைப் பார்க்கல. பலகையைத்தான் பார்த்தா."

சின்னக்குச்சியின் அப்பா குறுக்கே வந்தார். சிமெண்ட் குடோனில் மூட்டை தூக்குகிறவர். உடம்பு இரும்பு, மனசு பஞ்சு. "கால் எட்டாததுக்கு அந்தம்மா என்ன பண்ணும்? அது அவங்க தப்பா?"

"என் முட்டி வீங்கினது என் தப்பா?"

"நான் அப்படிச் சொல்லல..."

"பின்ன எப்படிச் சொன்னீங்க? உங்க பொண்டாட்டி நாற்காலி கழுவினதை ஐநூறு பிள்ளைங்க பார்த்துச்சு. அவ கால் தொங்கறதை ஐநூறு பிள்ளைங்க பார்க்கட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். வேலையும் வேணாம்."

"கண்டுபிடிச்சா இவளை ஸ்கூலை விட்டு அனுப்பிடுவாங்க. அடுத்த வருஷம் பத்தாவது. யோசிச்சியா?"

மறுநாள் காலை சின்னக்குச்சி என் கடைக்கு வந்து, "பெரியம்மா, டேப்பைக் கொஞ்சம் குடுங்க" என்றாள். எதற்கென்று கேட்காமல் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"எவ்வளவு?" என்றேன்.

முழித்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மாவுக்குத் தரையிலேருந்து முட்டி மடக்குக்குப் பத்தொன்பது இன்ச், பெரியம்மா."

"உங்க ஹெச்செம்முக்குப் பதினாலைத் தாண்டாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு?"

"பதினஞ்சு வரும்."

"பதினஞ்சுன்னுதானே எல்லாரும் சொல்லுவாங்க. நீ எப்படிப் பத்தொன்பது ஆக்குவே?"

"அதான் யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனாள். இந்த இடத்தில் பெரியவளாக நான் நாலு நல்ல வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கும் அந்தக் கால் தொங்குவதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

அவள் யோசித்தது வீண்போகவில்லை. வகுப்பில் திட்டம் போடுகிற நாளில், மூக்குக்கண்ணாடி போட்ட தோழி ஒருத்தி முப்பத்துநாலு பேரின் முழங்கால் உயரத்தையும் அளந்து, கூட்டி வகுத்து, பதினைந்து இன்ச் என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறாள். சின்னக்குச்சி எழுந்து நின்று, மழை என்று ஒரே வார்த்தையைப் போட்டாள். மரத்தடி மண்ணில் மழைத்துளி விழுந்தால் ஓரடிக்காவது தெறிக்கும். தெறித்த தண்ணீர் பட்டால் மண் பெஞ்சு அடியிலேயே கரைந்துவிடும். அதனால் கீழே கல் வரிசை ஓரடிக்கு இருக்க வேண்டும், அதற்கு மேல்தான் மண். கல் பன்னிரண்டு, மண் ஆறு, ஆகப் பதினெட்டு. சயின்ஸ் சார் துள்ளிக் குதிக்காத குறை. இவ்வளவு ஆழமாக யோசிக்கிற பிள்ளையை அவர் பார்த்ததில்லையாம். சொன்னது அத்தனையும் உண்மை என்பதுதான் இதில் விசேஷம். பிள்ளைகளுக்குக் கால் தொங்குமே என்று யாரோ கேட்டதற்கு, தொங்கினால் ஆட்டிக்கொள்ளலாம் என்று எல்லோரும் கத்தினார்களாம். பிள்ளைகளுக்குக் கால் ஆடினால் ஊஞ்சல்தானே.

"பதினெட்டா?" என்றாள் ஒட்டடைக்குச்சி, என் கடையில் நின்றபடி. "ஒரு இன்ச் குறையுதே."

"அதுக்கு மேல கேட்டா சந்தேகம் வரும்மா."

"ம்" என்றாள். அந்த ஒரு இன்ச் அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

வேலை ஆரம்பித்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற மாதம். முதலில் மைதானத்தில் நாலு இடத்தில் மண் எடுத்து, நாலு கண்ணாடி ஜாடியில் தண்ணீரோடு குலுக்கி ஜன்னலில் வைத்தார்கள். மறுநாள் மணல் அடியில், களிமண் மேலே என்று அடுக்கடுக்காக நின்றது. எந்த ஜாடியில் களி அதிகமோ அந்த இடத்து மண்ணை எடுத்தார்கள். கடப்பாரை போட்டார்கள், சலித்தார்கள், கல் சுமந்தார்கள். பிறகு பெரிய தார்ப்பாயை விரித்து, மண்ணும் மணலும் வைக்கோலும் கொட்டி, தண்ணீர் தெளித்து, செருப்பைக் கழற்றிவிட்டு எட்டுப் பேர் எட்டுப் பேராக ஏறி மிதித்தார்கள். மிதித்த மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்ப்பார்கள். சிதறினால் களி போதாது. பப்பென்று அப்பிக்கொண்டால் மணல் போதாது. சும்மா லேசாகத் தட்டையானால் "பாஸ்!" என்று ஒரு கூச்சல். அந்தக் கூச்சல் என் கடை வரைக்கும் கேட்கும்.

ஒட்டடைக்குச்சி தினமும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "எவ்வளவு உசரம் ஆச்சு?" மகள் கால் கழுவிக்கொண்டிருக்கும்போதே கேட்பாள். கல் முடிஞ்சுது என்பாள் மகள். ரெண்டு இன்ச் ஏறிச்சு என்பாள். இன்னைக்கு ஏறல, காய விட்டிருக்கோம் என்றால் அன்றைக்கு அம்மாவுக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் சின்னக்குச்சி பாவாடை மடிப்புப் பிரிந்துவிட்டது என்று வந்தாள். தைத்துக்கொண்டிருக்கும்போது, கேட்காமலே சொன்னாள். "பெரியம்மா, மண்ணை மிதிக்கிறப்ப எனக்குக் கோபமே வர மாட்டேங்குது."

"நல்லதுதானே."

"இல்ல. அம்மா எப்ப பார்த்தாலும் கோபமா இருக்கு, நான் அங்க போய்ச் சிரிச்சுட்டு இருக்கேன். எல்லாரும் பாட்டுப் பாடிட்டு மிதிக்கிறாங்க. கண்ணாடிக்காரிக்கு ஒரு தடவை கால் வழுக்கி நாங்க எல்லாரும் மொத்தமா விழுந்தோம். அவங்க நல்லதுக்குன்னு கட்டுறாங்க. நான் மட்டும் வேற எதுக்கோ கட்டுறேன். மேல ஒரு மூணு இன்ச் சீவிடலாம்னு சார்கிட்ட சொல்லிடட்டுமா?"

"உங்கம்மாகிட்ட கேட்டியா?"

"கேட்டா, 'நீ மறந்துட்டியா'ன்னு கேட்கும்."

"மறந்துட்டியா?"

தலையைக் குனிந்துகொண்டாள். பதினாலு வயசுப் பிள்ளை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சீவணும்னு தோணினா சீவிடு கண்ணு. அம்மாவை நான் பார்த்துக்கறேன்" என்றேன். நான் எங்கே பார்த்துக்கொள்ளப் போகிறேன், சும்மா சொன்னேன்.

மறுநாள் சீருடைக் கட்டைக் கொடுக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். சின்னக்குச்சி கையில் மண் சீவுகிற தகட்டோடு பெஞ்சு பக்கத்தில் நின்றிருந்தாள். சார் வரட்டும் என்று காத்திருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. சாருக்கு முன்னால் ஸ்டாம்பு வந்துவிட்டார். பெஞ்சைச் சுற்றி வந்தார். இருக்கையின் விளிம்பில் கை வைத்தார். அது அவர் முழங்காலைத் தாண்டி எவ்வளவு மேலே இருக்கிறது என்பதை நான் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

"கொஞ்சம் உசரமா இல்ல?"

"மழை தெறிக்கும் மேடம். அதுக்காகக் கல் உசத்தி வச்சோம்."

"யார் சொன்ன கணக்கு?"

"நான்தான் மேடம்."

ஸ்டாம்பு நிமிர்ந்து பார்த்தார். "நீ அவ மகதானே?"

"ஆமா மேடம்."

"அம்மா இப்ப என்ன பண்றாங்க?"

"பஸ் கழுவுறாங்க மேடம்."

"நல்லது" என்றார் ஸ்டாம்பு. "நல்லாக் கழுவுவாங்க."

அவ்வளவுதான். வேண்டுமென்று சொன்னாரா, பேச்சுக்குச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு அது முதுகில் சூடு வைத்த மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும். சார் வந்து, "என்னம்மா, ஏதோ கேட்கணும்னியே?" என்றபோது, "ஒண்ணும் இல்ல சார்" என்று தகட்டைக் கீழே வைத்துவிட்டாள். அன்று அவள் மிதித்ததைப் பார்த்திருக்க வேண்டும். மண் தார்ப்பாயை விட்டு வெளியே தெறித்தது.

ஸ்டாம்பும் சும்மா இருக்கவில்லை. எனக்குக் கால் எட்டாது, குறையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிள்ளைகள் அன்றைக்கே சீவியிருப்பார்கள். அந்த வார்த்தைதான் அவர் வாயில் வராது. அதற்குப் பதிலாக ஒரு வண்டி மணல் வரவழைத்தார். பெஞ்சுக்கு முன்னால் நாலு இன்ச் கனத்துக்குப் பரப்பி மேடாக்கச் சொல்லி வாட்ச்மேனுக்கு உத்தரவு. வாட்ச்மேன் சட்டைப் பொத்தான் தைக்க வந்தபோது சொன்னதுதான் இது. "நான் கொட்டிட்டுப் போய் மண்வெட்டி எடுத்துட்டு வர்றேன், அதுக்குள்ள மணல் பாதியைக் காணோம்மா!"

மணலைப் பார்த்ததும் சயின்ஸ் சார் ஆனந்தமாகிவிட்டார். பெஞ்சுக்குக் கடைசிப் பூச்சு பாக்கி. பூச்சுக்கு மணல் இல்லாமல் இரண்டு நாளாகத் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஹெச்செம் அம்மாவே பார்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துப் பிள்ளைகளை ஏவிவிட்டார். சலித்தார்கள், குழைத்தார்கள், தாராளமாகக் கிடைத்த தெம்பில் தாராளமாகப் பூசினார்கள். மிச்சத்தைப் பெஞ்சின் முதுகுச் சாய்மானத்துக்கு அப்பினார்கள். மறுநாள் எல்லோரும் கூடிநிற்கிற நேரத்தில் சார் மைக்கைப் பிடித்து ஸ்டாம்புக்கு நன்றி சொன்னார். கைதட்டல். ஸ்டாம்பு என்ன செய்வார்? "பிள்ளைங்களுக்காகத்தானே" என்றார்.

சாயங்காலம் சின்னக்குச்சி ஓடி வந்தாள். அம்மா டீ டம்ளரோடு நின்றிருந்தாள்.

"எவ்வளவு உசரம்?"

"பூச்சு ஒரு இன்ச் கனம்மா. இப்ப பத்தொன்பது."

ஒட்டடைக்குச்சி டம்ளரைக் கீழே வைத்தாள். நான்கு மாதத்தில் முதல் தடவையாக அவள் பல் தெரிந்தது. "அவ மணலா?" என்றாள்.

"அவங்க மணல்தான்."

திறப்பு விழா அன்று காலை ஒட்டடைக்குச்சி என்னையும் வரச் சொன்னாள். பெற்றோர் எல்லோருக்கும் அழைப்பு. அவள் கணவர் வரமாட்டேன் என்றுவிட்டார். "எனக்கு இதெல்லாம் பார்க்கத் தெம்பு இல்லம்மா, நீங்க போயிட்டு வாங்க" என்று குடோனுக்குக் கிளம்பிவிட்டார். ஒட்டடைக்குச்சி பஸ் கழுவுகிற இடத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே வந்தும் நாற்காலி வரிசைக்குப் போகவில்லை. சுவர் ஓரமாக நின்றாள். நானும் கூடவே நின்றேன்.

பெஞ்சு அழகாகத்தான் இருந்தது. அரைவட்டமாக மரத்தைச் சுற்றி வளைந்து, வழவழவென்று, பிள்ளைகள் பூச்சில் பதித்த உள்ளங்கை அடையாளங்களோடு. அதற்கு முன்னால் ஒரு மேஜை. மேஜைத்துணி தரை வரைக்கும். ஒட்டடைக்குச்சி என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஸ்டாம்பு கெட்டிக்காரி, விட்ட இடத்தில் பிடித்துவிட்டார் என்று நான் நினைத்தேன்.

கல்வி அதிகாரி வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், வாய் நிறையச் சிரிப்பு. பெஞ்சைப் பார்த்து மலைத்துப்போய், "இவ்வளவு அருமையா கட்டியிருக்காங்க, மேஜையைப் போட்டு மறைச்சிருக்கீங்களே? எடுங்க, எடுங்க, போட்டோல பெஞ்சு தெரியணும்" என்றார். ஸ்டாம்பு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இரண்டு பையன்கள் மேஜையைத் தூக்கிக்கொண்டு போயேவிட்டார்கள்.

"வாங்க மேடம், முதல்ல நீங்கதான்."

"இல்ல சார், நீங்க உட்காருங்க. நான் நிக்கிறேன்."

"அதெப்படி? உங்க பள்ளி, உங்க பெஞ்சு, மணல்கூட நீங்கதான் வாங்கிக் குடுத்தீங்களாமே! வாங்க."

வேறு வழியில்லை. விளிம்பில் ஒட்டி உட்காரப் பார்த்தார். தண்ணீர் நிற்கக்கூடாதென்று இருக்கையைப் பின்பக்கமாகச் சாய்த்து, கடைசியில் வடிகாலுக்கு ஓட்டை விட்டிருந்தார்கள் பிள்ளைகள். ஏறி உட்கார்ந்ததும் அது அவரைப் பின்னால் இழுத்துக்கொண்டது. இரண்டு காலும் தரையை விட்டுக் கிளம்பின. வலது கால் செருப்பு நழுவி மண்ணில் விழுந்தது. ஸ்டாம்பு அப்படியே இருந்தார், இரண்டு காலும் அந்தரத்தில், முகத்தில் ஈயாடாமல்.

முன்வரிசையில் தரையில் இருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "டீச்சர் கால் ஆடுது!" என்றது, சந்தோஷமாக. குபீரென்று சிரிப்பு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சின்னக்குச்சி மட்டும் சிரிக்கவில்லை. தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். ஒட்டடைக்குச்சியைக் காணவில்லை. போய்விட்டாள், பார்த்தது போதும் என்று கிளம்பிவிட்டாள் என்று நினைத்தேன். அவளை எனக்கு இவ்வளவு வருடம் பழகியும் தெரியவில்லை.

தலைமையாசிரியை அறைப் பக்கமிருந்து வந்தாள். வெயிலில், மைதானத்துக்கு நடுவே, நிதானமாக. கையில் ஒரு பலகை. சிவப்புத் துணி ஒட்டினது, துணி நடுவில் இரண்டு செருப்புத் தடம் தேய்ந்து போயிருந்தது. ஐநூறு பிள்ளைகளும், பெற்றோரும், கேமராக்காரரும் பார்க்க, நடந்து வந்து, முந்தானையால் அதன் தூசியைத் துடைத்து, தொங்கிய கால்களுக்குக் கீழே வைத்தாள். மண்டியிட முடியாதவள், இடுப்பை வளைத்து, விழுந்த செருப்பை எடுத்து அந்தக் காலில் மாட்டிவிட்டாள்.

"வைங்கம்மா காலை. கூச்சப்படாதீங்க."

ஸ்டாம்பு பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு அசையாமல், "எடுத்துட்டுப் போ" என்றார். முன்னால் வந்து நின்றிருந்த எனக்கு நன்றாகக் கேட்டது.

"இருக்கட்டும்மா. பதினோரு வருஷமா இருட்டுலயே கிடந்துச்சு, கொஞ்சம் வெளிச்சம் பார்க்கட்டும்."

அதிகாரிக்கு உள்கதை ஒன்றும் தெரியாது. அவருக்கு ஒரு தாய் ஓடிவந்து உதவி செய்ததாகத்தான் பட்டது. "யாரும்மா நீங்க?" என்றார்.

"இந்தப் பெஞ்சுக்கு உசரக் கணக்குப் போட்ட பிள்ளையோட அம்மாங்க."

"அப்படியா! மழை தெறிக்கும்னு சொன்ன பிள்ளைதானே, சார் சொன்னார். அபாரம்! உட்காருங்கம்மா, நீங்களும் உட்காருங்க, உங்க பொண்ணு கட்டின பெஞ்சுல உட்காராம போலாமா?"

அவள் நின்றாள். உட்காரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் மகளைப் பார்த்தாள். சின்னக்குச்சி தலையை ஆட்டினாள், லேசாக, ஒரே தடவை. ஒட்டடைக்குச்சி திரும்பி, ஸ்டாம்பின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பாதம் இரண்டும் தரையில் சப்பென்று படிந்தன. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அவளுக்கென்று அளவெடுத்துத் தைத்த மாதிரி. கேமராக்காரர் படம் எடுத்தார்.

அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. அதிகாரி சின்னக்குச்சியின் தோளில் தட்டிப் பாராட்டிவிட்டுப் போனதால் அவளை யாரும் எதுவும் செய்ய முடியவில்லை. பெஞ்சை இடிக்கவும் முடியவில்லை, படத்தில் ஸ்டாம்பே இருக்கிறாரே. பலகையை மட்டும் அவர் திரும்ப உள்ளே எடுத்துப்போகச் சொல்லவில்லையாம். பெஞ்சடியிலேயே கிடக்கிறது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதன் மேல் ஏறித்தான் பெஞ்சில் உட்காருகிறார்கள்.

விழா அன்று சாயங்காலம் ஒட்டடைக்குச்சி கடைக்கு வந்தாள். நான் நாற்காலியை இழுக்கவில்லை; பயம். அவளே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலை நீட்டி, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். டீ கொடுத்தேன். ஊதி ஊதிக் குடித்தாள்.

"அவ கால் ரொம்பச் சின்னக் கால்க்கா" என்றாள் கடைசியில். "செருப்பு மாட்டிவிடறப்ப பார்த்தேன். குழந்தை கால் மாதிரி இருக்கு. நடுங்கிட்டு இருந்துச்சு."

"பாவமா இருந்துச்சா?"

யோசித்தாள். ஒரு மிடறு குடித்தாள்.

"இருந்துச்சுக்கா. ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் டீ ஊற்றச் சொல்லி டம்ளரை நீட்டினாள்.